குளிர்ச்சிக்கு வைத்த மருதாணி

கீழ்க்காடு,
சின்னசேலம் வழி,
9-5-1987

அன்புள்ள மாப்பிள்ளை தமிழழகனுக்கு மாமா ராஜாங்கம் எழுதிக்கொண்டது.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். உன்னைப் போலீஸ் பிடிக்கும், சாயந்திரம் விட்டுவிடும், மறுநாள் நீ மலைக்குப் பத்திரமாகப் போய்ச் சேருவாய் என்று மூன்றையும் முன்கூட்டியே சொன்னவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். உன் அத்தை ஆண்டாளைக் கேட்டுப் பார். "எப்ப சொன்னாரு?" என்பாள். அவளுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி.

பஸ்ஸை நிறுத்தி உன்னை இறக்கின கதையைக் கண்டக்டர் அன்று மத்தியானமே இங்கே சொல்லிவிட்டான். ரோட்டில் மரம் வெட்டிப் போட்டு மறியலாம். பாலத்துச் சுவர் முழுக்கக் காவியால் இட ஒதுக்கீடு கேட்டு எழுதியிருந்ததாம். எழுதினவன் கையில் காவி ஒட்டியிருக்கும் என்று போலீஸ்காரர்கள் ஆண்களையெல்லாம் கையை நீட்டச் சொன்னார்களாம். உன் இரண்டு உள்ளங்கையும் செக்கச்செவேலென்று இருந்ததாம். இருக்காதா பின்னே? வைத்தது யார்?

நீ என் மேல் கோபமாக இருப்பாய். ஆனால் அந்த ராத்திரி உன் நிலைமை என்ன, யோசித்துப் பார். கல்யாணத் தேதி பேச வந்த பிள்ளை. மலையில் ஒரு வருஷமாகப் போர்வைக்குள் தூங்கிப் பழகின உடம்பு. கத்திரி வெயிலில் இங்கே வந்து விழுந்தால் தாங்குமா? முதல் நாள் ராத்திரி நீ ஃபேனைப் போட்டாய். ஃபேன் என்பது உடம்பில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாமான் என்று சொன்னேன், கேட்கவில்லை. பத்து மணிக்குக் கரண்ட் போனது. பெட்டிக்கடையில் ஐஸ் வாங்கித் தின்றாய். ஐஸ் வாய்க்குத்தான் குளிர்ச்சி, வயிற்றுக்குள் போனால் நெருப்பு. அதையும் சொன்னேன். விடிய விடிய உட்கார்ந்திருந்தாய்.

அதனால்தான் இரண்டாம் நாள் வைத்தியத்தை என் கையில் எடுத்துக்கொண்டேன். தெருவில் மொட்டை மாடி உள்ள மெத்தை வீடு என்னுடையது ஒன்றுதான், உனக்குத் தெரியும். பொழுது சாய மாடித் தரையில் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினேன். முதல் தண்ணீர் ஊற்றினதும் படுக்கக் கூடாது. உள்ளே இருக்கிற சூடு அப்போதுதான் ஆவியாகக் கிளம்பும், படுத்தவன் இட்லி மாதிரி வெந்துவிடுவான். இரண்டாம் தண்ணீர் காய்ந்த பிறகுதான் பாய். தொப்புளில் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். கோழி அடிக்கலாமா என்று அத்தை கேட்டாள், அடித்தே விடுவேன் உன்னை என்றேன்.

அப்படியும் நீ புரண்டுகொண்டிருந்தாய். இனி மருதாணிதான் என்று முடிவு செய்தேன். மருதாணியை வெறும் பெண்கள் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் படிக்காதவர்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வைத்தால் உச்சந்தலைச் சூடு இறங்கி வெளியே ஓடும். நானே இலை பறித்து, நானே அம்மியில் அரைத்து, நீ அசந்து தூங்கினதும் நானே வைத்துவிட்டேன். காலையில் நீ போட்ட கூச்சல் மேலத்தெரு வரைக்கும் கேட்டது. ஆனால் தூங்கினாயா இல்லையா?

ஊரில் உன் மரியாதை எங்கேயோ போய்விட்டது. பழனி டீக்கடையில் நான் சொன்னேன்: "ஜனங்களுக்காக உள்ள போனவன்யா எம் மாப்ள." இளைஞர்கள் உனக்கு மாலை போட இருக்கிறார்கள். வரவேற்புத் தட்டி எழுதக் கொடுத்தாயிற்று.

ஆசீர்வாதம்.
மாமா ராஜாங்கம்


வெள்ளிமலை,
கல்வராயன் மலை,
12-5-1987

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு தமிழழகன் எழுதுவது.

நலம். நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காக.

நான் உள்ளே போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு பெஞ்சில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடந்தது இவ்வளவுதான். போலீஸ்காரர் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

"இன்னாடா இது?"

"மருதாணிங்க."

"ஆம்பளைக்கு இன்னாடா மருதாணி?"

"உடம்பு சூட்டுக்கு எங்க மாமா வச்சாருங்க."

பஸ்ஸே சிரித்தது. "காவிய கழுவ முடியாம மேல மருதாணி பூசிக்கினு வந்துகிறான் சார்" என்று இன்னொருவர் சொன்னார். என்னை இறக்கினார்கள். மோந்து பார்த்தார்கள், சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். சாயந்திரம், அரசு ஊழியர் என்பதால் பெயரை எழுதிக்கொண்டு விட்டார்கள். ஆனால், மறியலில் சம்பந்தம் இருக்கலாம் என்று கள்ளக்குறிச்சி கால்நடை ஆபீசில் இருக்கும் எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது.

உங்களுக்கு விளையாட்டாக இருக்கலாம். எனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகிறது. தகுதிகாண் பருவம் ஜூன் முப்பதோடு முடிகிறது. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம். சந்தேகம் தீராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிவிட்டார். வேலை நிரந்தரமாகாவிட்டால் ஆவணியில் கல்யாணம் இல்லை. வேலை போனவனாக வந்து கலையரசிக்குத் தாலி கட்ட எனக்கு மனசில்லை. இதை நீங்களே உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

இங்கேயும் நிம்மதி இல்லை. ஆபீஸ் வாட்ச்மேன் மாயவன், "இன்னா சார், எங்களுக்குச் சொல்லாமயே கல்யாணம் முடிச்சிக்கினீங்களா?" என்கிறான். மாட்டுக்கு ஊசி போடப் போனால் காசியம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கையால எம் மாட்டத் தொடாதீங்க சார், மிரளுது" என்கிறாள். மாடு சும்மாதான் நின்றது.

இட ஒதுக்கீடு கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நான் சுவரில் எழுதியிருந்தால், எழுதினேன் என்று சொல்லியிருப்பேன். செய்யாத காரியத்துக்கு எனக்கு மாலை வேண்டாம். தட்டியை உடனே நிறுத்துங்கள்.

எனக்கு உங்களிடம் வேண்டியது ஒரே ஒரு தாள். மருதாணி வைத்தது நீங்கள், வைத்தபோது நான் தூக்கத்தில் இருந்தேன் என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். நடக்காதது ஒரு வரிகூட வேண்டாம்.

தூங்கினேனா என்று கேட்டிருக்கிறீர்கள். தூங்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தமிழழகன்


கீழ்க்காடு,
15-5-1987

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தூங்கினேன் என்று நீ ஒப்புக்கொண்ட வரியை டீக்கடையில் மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

தட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. உன் பெயரை அழிக்கச் சொல்லிவிட்டேன். இப்போது "மாவீரருக்கு நல்வரவு" என்று மட்டும்தான் இருக்கிறது. யாரென்று யாருக்கும் தெரியாது. உன் படம் மட்டும் இருக்கிறது.

கல்யாணம் இல்லை என்று நீ எழுதினதைக் கலையரசியிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தம்தான் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

நீ கேட்ட தாளை நானே உட்கார்ந்து எழுதினேன். மனு எழுதுகிறவனிடம் போகலாம் என்றாள் அத்தை. ஐந்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்த எனக்கு மனு எழுத வராதா? ஒரு படி உனக்கும் இதில் எழுதியிருக்கிறேன். அசலை நேரே உன் பெரிய டாக்டருக்கே தபாலில் சேர்த்துவிட்டேன். உனக்கு எதற்குச் சிரமம்?

"கீழ்க்காடு ராஜாங்கம் ஆகிய நான் முழு சுயநினைவுடன் எழுதிக் கொடுப்பது என்னவென்றால், மேற்படி தமிழழகன் உஷ்ணத்தால் உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தபடியால், மெத்தை வீட்டின் மேல் எண்பது குடம் தண்ணீர் ஊற்றியும் பலனில்லாமல், மருதாணி வைப்பதில் முப்பது வருட அனுபவமுள்ள நானே அவரது கையிலும் காலிலும் வைத்தேன். அந்தச் சிவப்பு மருதாணிச் சிவப்பே ஒழிய காவி அல்ல. இப்பேர்ப்பட்ட கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டபோது மேற்படியார் சிங்கம்போல் நிமிர்ந்து நின்று, இது எங்கள் ஜனங்களுக்காகச் சிவந்த கை என்று முழங்கியதாகக் கேள்வி. ஆகவே டாக்டர் சமூகம் அவர்கள் தயவுசெய்து அவரது வேலையை நிரந்தரம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

எப்படி? படித்ததும் டாக்டர் எழுந்து நிற்பார் பார்.

மாமா


வெள்ளிமலை,
18-5-1987

மாமா அவர்களுக்கு,

நின்றார். என்னை வரச் சொல்லி, எதிரில் நிற்க வைத்து, உங்கள் தாளைச் சத்தமாகப் படித்தபோது எழுந்துதான் நின்றார். படித்து முடித்துவிட்டு, "முழங்கனியாப்பா?" என்று கேட்டார்.

நான் எதுவும் முழங்கவில்லை என்றேன். "அப்ப உங்க மாமா எழுதுனதுல எது நெசம்?" என்றார். மருதாணி மட்டும் நிஜம் என்றேன். "அதத்தான் நான் நம்பல" என்றார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முப்பது வருஷ அனுபவம் என்கிறீர்கள். ஐம்பது வயது தாண்டின ஆண், ராத்திரியில் இன்னொரு ஆணுக்குக் கை காலெல்லாம் மருதாணி வைத்தார் என்று எந்த அதிகாரி ஃபைலில் எழுதுவார்? ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். மருதாணியை அள்ளி வைக்கிற விரலும் கூடவே சிவக்கும். தோலில் போனாலும் நகத்தில் போகாது, நகம் வளர்ந்து வெட்டுகிற வரைக்கும் இருக்கும். "எங்க வூட்ல வருஷா வருஷம் பாக்குறேன். உங்க மாமாவ வரச் சொல்லு. வச்ச வெரல காட்டட்டும். நகம் செவந்திருந்தா இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

மாமா, இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை இது. வியாழக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்குக் கள்ளக்குறிச்சி ஆபீசுக்குப் போங்கள். எனக்கு அன்று கோமாரித் தடுப்பூசி முகாம், மலையை விட்டு இறங்க முடியாது. நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஒன்றும் பேசாதீர்கள். சுயநினைவு, உஷ்ணம், ஜனங்கள் எதுவும் வேண்டாம். உள்ளே போங்கள், கும்பிடுங்கள், விரலை நீட்டுங்கள், வந்துவிடுங்கள்.

கலையரசி தட்டைச் சத்தமாக வைக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

தமிழழகன்


கீழ்க்காடு,
22-5-1987

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஜெயம்! டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் வேலை நிரந்தரம். ஆவணி முகூர்த்தத்துக்குப் பந்தல்காரனிடம் சொல்லியாயிற்று. இதுவும் இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்னபடியே நடந்துகொண்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. உள்ளே போனேன், கும்பிட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. வலது ஆள்காட்டி விரலை அவர் மேசை மேல் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நகம் கருஞ்சிவப்பாக, நாவல்பழத் தோல் மாதிரி இருந்தது. "பெரியவரே, இந்த வெரலுக்கு மேல எனக்கு சாட்சியே வேணாம்" என்றார். ஃபைலில் எழுதினார். டீ சொன்னார். வெயில் காலத்தில் டீ சூடு, மோர் சொல்லுங்கள் என்றேன். மோர் வந்தது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

இவ்வளவுதான் விஷயம். உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா ராஜாங்கம்

மேலே எழுதினதோடு முடித்துக் கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். கலையரசி கவரைப் பிரித்துப் படித்துவிட்டாள். "இத்த அனுப்புனீனா நான் தனியா ஒண்ணு எழுதுவேன்பா. எனக்கும் எழுதத் தெரியும்" என்கிறாள். பத்தாவது படித்தவள். எழுதிவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று மேலே இருப்பதை அப்படியே விட்டிருக்கிறேன். டாக்டர் கையெழுத்துப் போட்டது நிஜம். மோரும் நிஜம். விரல் விஷயம் மட்டும் வேறே.

உன் கடிதம் வந்த அன்றே என் விரலைப் பார்த்தேன். விரல் எப்போதும் போல இருந்தது. புதன்கிழமை ராத்திரி ஒரு கை இலை பறித்து அரைத்து, ஆள்காட்டி விரலில் அப்பித் துணி சுற்றிக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் பழுத்த எலுமிச்சை நிறம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் கறுக்கும் என்று வழியெல்லாம் வெயிலில் நீட்டிக்கொண்டே போனேன். கறுக்கவில்லை. கலையரசியும் கூட வந்தாள், ஜாக்கெட் துணி எடுக்க வேண்டும் என்று.

டாக்டர் என் விரலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"வச்சி எத்தினி நாளு ஆவுதுங்க?"

"பதினஞ்சு நாளுங்க."

"இது நேத்து ராத்திரி வச்சதுங்க. எங்க வூட்ல பாத்துகினுதான இருக்கேன்."

"ஒடம்பு வாகுங்க. எனக்கு எதுவும் லேட்டாத்தான் ஏறும்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். உன் ஃபைலைக் கட்டி ஓரமாகத் தள்ளினார். "அந்தப் பையன் நல்லவன்னு நெனச்சேன். வூட்ல எல்லாரும் சேந்து கத கட்றீங்களே" என்றார். மாப்பிள்ளை, ஐம்பத்திரண்டு வருஷத்தில் பேச்சு வராமல் நான் நின்றது அந்த ஒரு தடவைதான். இதை நீ நம்ப வேண்டும்.

கதவோரம் நின்றவள் உள்ளே வந்தாள். ஜாக்கெட் துணிப் பையைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை அவர் மேசை மேல் வைத்தாள். கை முழுக்கச் சுத்தமாக இருந்தது. ஆள்காட்டி விரல் நகம் ஒன்று மட்டும் கருஞ்சிவப்பு.

"நீ யாரும்மா?"

"இவரு பொண்ணுங்க. அவருக்கு நாந்தான் வச்சேன்."

"எப்ப?"

"அவரு மாடியில தூங்காம பொரண்டுகினே இருந்தாருங்க. தண்ணி சொம்பு வைக்கப் போனேன். அப்பதான் கண்ண மூடுனாரு. மூஞ்சியெல்லாம் வேர்த்துகினு கெடந்துச்சி. எறங்கி வந்து இலைய அரச்சி எடுத்துகினு போயி வச்சேன். அவருக்குத் தெரியாது."

"ஒனக்கு ஏம்மா வச்சிக்கல?"

"இலை அவ்ளோதாங்க இருந்துச்சி. கையி காலு நாலுக்கும் வேணுமில்ல."

டாக்டர் ஃபைலை இழுத்துப் பிரித்தார். "ஒம் பேர எழுதணுமா?" என்று கேட்டார். "எழுதிக்கோங்க. நெசம்தான" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "உறக்கத்தில் இருக்கும்போது வீட்டார் மருதாணி வைத்தது விசாரணையில் தெரிகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டார் என்றால் யாராகவும் இருக்கலாம். நல்ல மனுஷன். அதற்குப் பிறகுதான் மோர்.

அன்று காலையில் மாடியிலிருந்து நீ "யாரு இத வச்சது?" என்று கத்தினபோது நான் தோட்டத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ராத்திரியெல்லாம் கீழே கயிற்றுக் கட்டிலில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு குறட்டைதான். எட்டுக் குடம் தண்ணீர் மட்டும் நான் ஊற்றினது. அம்மி ஓரத்தில் பச்சை காய்ந்து கிடந்தது. கலையரசி விரலை முந்தானையில் மறைத்துக்கொண்டு, வெளுத்த முகத்தோடு நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாடிக்குப் போனாள் என்றால் தெரு பேசும். கிழவன் மருமகனுக்கு மருதாணி வைத்தான் என்றால் தெரு சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, "நாந்தான்டா மாப்ளே" என்று கத்திவிட்டேன். அப்புறம் அத்தையிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், உனக்கு எழுதினேன். சொல்லச் சொல்ல, இலை பறித்தது, அரைத்தது, உன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது எல்லாம் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை, அந்த மருதாணியை வைத்தது நான் இல்லை.